தேதி இல்லாத கல்யாணப் பத்திரிகை

நூருல்லா பாய் தீவு நகரின் டெலானிபூர் மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தபோது, உமா மகேஸ்வரி கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சுரமை மீன் அரிந்துகொண்டிருந்தார். எதிரே துறைமுகத் தொழிலாளி அழகையா இடுப்பைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார்.

உமா மகேஸ்வரி போலீஸ் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொலைந்த பொருளோ, புரியாத வம்போ, ஊரில் எது வந்தாலும் அவர் வீட்டுக்கு வந்துவிடும். அழகையா அவருக்கு உதவியாளர். அந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். பகலெல்லாம் மூட்டை தூக்கி நைந்துபோன உடம்பு, ஒரு வழக்கு வந்துவிட்டால் போதும், வலியை மறந்துவிடும்.

"நேத்து ஹட்டோ துறைமுகத்துல ஒரே கேலி, அக்கா," என்று அழகையா சொல்லிக்கொண்டிருந்தார். "'அரே அழகையா, இந்த வயசுல ரெண்டாங் கல்யாணமா? பத்திரிகை வந்துச்சே'ன்னு கூட வேலை பாக்குறவனுங்க விட மாட்டேங்கிறானுங்க. நானும், 'ஆமா, பொண்ணு கப்பல்ல வருது, நீங்கதான் தூக்கி இறக்கணும்'னு சொல்லிட்டேன்."

உமா மகேஸ்வரி சிரித்தார். அதற்குள் நூருல்லா பாய் கொல்லை வாசலில் வந்து நின்றார். லம்பா லைனில் மளிகைக்கடை வைத்திருப்பவர். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டையில் அன்று ஒரு பொத்தான் மாறிப் போயிருந்தது.

"உமாக்கா, என் மக ஜஸ்னா கல்யாணம் நிக்கப்போகுது. நீங்கதான் காப்பாத்தணும்."

"உக்காருங்க பாய். என்ன ஆச்சு?"

"கராச்சர்மாவுல இருக்கிற தமீம் பாய் மகன் தவ்ஹீதுக்குப் பேசி முடிச்சிருக்கோம். இன்னும் தேதி குறிக்கல. தேதி குறிச்சு, சர்க்கரையோட போய், முதல் பத்திரிகையை சம்பந்தி கையில நேர்ல குடுத்த பிறகுதான் மத்தவங்களுக்கு. எங்க ரெண்டு வீட்டுலயும் அதுதான் முறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், என் போன்லருந்து ஊருக்கே 'கல்யாணப் பத்திரிகை'ன்னு ஒண்ணு போயிருக்கு! தமீம் பாயும் பாத்துட்டாரு. 'என்னை மதிக்காத வீட்டுல சம்பந்தம் வேணாம்'னு சொல்லிட்டாரு."

"போன் எங்கே இருந்துச்சு?"

"வீட்டுல சார்ஜ்ல. வீட்டுல இருந்தது ஜஸ்னாவும் என் தங்கச்சி சம்சாத்தும்தான்." பாய் குரலைத் தாழ்த்தினார். "சம்சாத்துக்குத் தன் மகனுக்கு ஜஸ்னாவைக் கட்டணும்னு ஆசை. அதான் கெடுத்துட்டா. மூஞ்சியிலயே முழிக்காதேன்னு சொல்லிட்டேன்."

அழகையா நிமிர்ந்து உட்கார்ந்தார். "முடிஞ்சு போச்சு. தங்கச்சிதான்!"

"கொஞ்சம் பொறு. பாய், யார் யாருக்குப் போயிருக்கு?"

நூருல்லா போனை எடுத்தார். திரையின் உச்சியில் ஏதோ அறிவிப்பு வந்து விழுந்தது. பார்க்காமலே விரலால் தள்ளிவிட்டார். "இது ஒரு ரோதனை. சென்னை போறப்ப பாத்துக்கலாம்... இதோ பாருங்க. கேஸ் சிலிண்டர்காரர், ரங்கத் லாரி டிரைவர், நம்ம அழகையா, அட, மவுத்தாப் போன என் மாமனார் நம்பருக்கும் போயிருக்கு. அழிக்க மனசு வராம வச்சிருந்தேன்."

"சம்சாத்துக்கு?"

"அவளுக்கும்தான்."

"அதுதாங்க்கா தந்திரம்," என்றார் அழகையா. "தன் மேல சந்தேகம் வரக் கூடாதுன்னு தனக்கே அனுப்பிக்கிட்டா. எனக்கும் வந்துச்சு. அமுக்கினேன், ஒண்ணும் தொறக்கல."

உமா மகேஸ்வரி மீன் அரிவதை நிறுத்தினார். "மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"போன் பண்ணி, 'மாமா, நீங்க அனுப்பினதை என் போன் உள்ள விட மாட்டேங்குதே, என்னது அது'ன்னு கேட்டாரு. எனக்கு வெக்கமாப் போச்சு, வச்சுட்டேன்."

உமா மகேஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றோம். எல்லாரையும் கூப்பிடுங்க. தமீம் பாய் நான் சொன்னா வருவாரு. போனை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் உங்க போன்ல நெட்டை அணைச்சு வைங்க. அழகையா, உன்னதையும்தான்."

"என்னதையுமா?" என்றார் அழகையா. உமா மகேஸ்வரி அதற்குள் மீனோடு உள்ளே போய்விட்டார்.

மாலையில் லம்பா லைன் வீட்டுக் கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மகன் தவ்ஹீதோடு வந்திருந்த தமீம் பாய் தேநீரைத் தொடவில்லை. ஜஸ்னாவின் கண் வீங்கியிருந்தது. சம்சாத் மட்டும் வாயை மூடவில்லை.

"அண்ணே, வெள்ளிக்கிழமை உனக்குப் பிரியாணி ஆக்க வெங்காயம் உரிச்சு அழுதேன். இன்னைக்கு உன்னாலயே அழுறேன். உன் போனு எனக்கு எதுக்கு? ஆசை இருந்தது நெசம். ஆனா ஜஸ்னா நான் தூக்கி வளத்த புள்ள!"

"நீங்க சொல்றது உண்மைம்மா," என்றார் உமா மகேஸ்வரி. அழகையா ஏமாந்துபோய்ப் பார்த்தார். "கல்யாணத்தைக் கெடுக்கணும்னா தமீம் பாய்க்கு மட்டும் அனுப்பினாப் போதும். கேஸ்காரருக்கு எதுக்கு? இறந்துபோனவருக்கு யாராவது பத்திரிகை அனுப்புவாங்களா? பேரு பாத்து, ஆளு பாத்து அனுப்புற வேலை இல்ல இது. மனுஷன் செய்யல."

"அப்ப பேயா?" என்றார் அழகையா.

"சொல்றேன். ஹட்டோவுல உனக்கு ரெண்டாங் கல்யாணம்னாங்களே, அது கேலியில்லப்பா. நெசமாவே உன் போன்லருந்து பத்திரிகை போயிருக்கு. அப்ப போன் எங்கே இருந்துச்சு?"

அழகையா பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். துறைமுகத்தில் பாதிப் பேருக்கு, மனைவி பொன்னம்மாவுக்கும்கூட, பத்திரிகை போயிருந்தது. "சோத்துப் பையில இருந்துச்சு. யாரும் தொடல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு நாளா வீட்டுல வெறுஞ்சோறு போட்டது ஏன்னு இப்பத்தான் புரியுது."

அழுதுகொண்டிருந்த ஜஸ்னா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"பாய், உங்களுக்கு இதே மாதிரி ஏதாவது முன்னாடி வந்துச்சா?"

நூருல்லா யோசித்தார். "வெள்ளிக்கிழமை காலையில சென்னை வியாபாரி ஒருத்தர்கிட்டருந்து வந்துச்சு. அவர் வீட்டுக் கல்யாணமாக்கும்னு அமுக்கினேன். ஒண்ணும் தொறக்கல."

"தொறந்தது பத்திரிகை இல்ல, உங்க வீட்டுக் கதவு. பத்திரிகை மாதிரி வேஷம் போட்ட திருட்டு ஆப் அது. உள்ள வந்ததும் போன்ல இருக்கிற எல்லாருக்கும் தன்னையே அனுப்பும். உங்க பேரைப் பாத்து நம்பித் தொறப்பாங்க இல்லையா? ஊரு பேரு தெரியாத எவனோ எங்கிருந்தோ விட்டது."

தமீம் பாய் முதல்முறையாக வாய் திறந்தார். "என் மகனும்தானே அமுக்கினான்? அவன் போன்லருந்து யாருக்கும் போகலையே?"

"அங்கேதான் முடிச்சு இருக்கு. தவ்ஹீத், அப்டேட் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வந்த அன்னைக்கே போட்டுருவேன் மேடம்."

"பாய், நீங்க?"

நூருல்லா தலையைச் சொறிந்தார். "சென்னை போறப்ப பாத்துக்கலாம்னு..."

"அழகையா?"

"மெயின்லேண்ட் போறப்ப."

"கடைசியா எப்ப போனே?"

"மக காதுகுத்துக்கு. அவளுக்கே இப்ப ரெண்டு புள்ளைங்க."

கூடமே சிரித்தது. அது அந்தத் தீவு முழுவதற்கும் உள்ள பழக்கம். இணையத்துக்கான கடலடிக் கேபிள் வருவதற்கு முன், ஒரு போட்டோ போய்ச் சேருவதற்குள் சோறு வடித்து இறக்கிவிடலாம். அப்டேட் போலக் கனமான எதையும் கப்பலேறிச் சென்னை போனால்தான் போனில் இறக்குவார்கள். கேபிள் வந்தது, நெட் பாய்ந்தது. ஆனாலும் அறிவிப்பைத் தள்ளிவிடும் விரல் மட்டும் அந்தக் காலத்திலேயே நின்றுபோனது.

"எந்தக் கம்பெனிக்கும் ஓட்டையில்லாம போன் செய்யத் தெரியாது," என்றார் உமா மகேஸ்வரி. "எங்கேயோ ஒரு கதவுக் கொண்டி சரியா விழாது. அதைத் திருடன் கண்டுபிடிப்பான். கம்பெனிக்காரனும் கண்டுபிடிச்சுப் புதுக் கொண்டி அனுப்புவான். அதுதான் அப்டேட். திருடன் ஓயுறதில்ல, அதனால அதுவும் வந்துக்கிட்டே இருக்கு. தவ்ஹீத் போன்ல கொண்டி புதுசு, திருடனை வாசல்லயே நிறுத்தி, விடவான்னு கேட்டுச்சு. உங்க ரெண்டு பேரோடதும் வாங்கின நாள்ல போட்ட கொண்டி. கேக்காமலே விட்டுருச்சு. அதுக்காக அப்டேட் போட்டாச்சுன்னு கண்டதையும் தொறந்துறாதீங்க."

தமீம் பாய் மெதுவாகத் தன் போனைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "என்னதும்... சென்னை போறப்பதான் மேடம். ஆனா நான் பத்திரிகையைத் தொறக்கல. கோவத்துல அப்படியே விட்டுட்டேன்."

"உங்க கோவம் உங்களைக் காப்பாத்திருச்சு."

தமீம் பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. நூருல்லா எழுந்து தங்கையின் எதிரே நின்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போண்ணே, போய் சம்பந்திக்குச் சர்க்கரை எடு," என்றாள் சம்சாத். அந்தச் சர்க்கரையோடு அன்றே தேதியும் குறிக்கப்பட்டது. அந்தத் திருட்டு ஆப்பை நீக்கி, பாஸ்வேர்டுகளை மாற்றி, பாங்க்குக்கும் தகவல் சொல்லி, எல்லாப் போனிலும் அப்டேட் போட்டுவிட்டுத்தான் உமா மகேஸ்வரி தேநீர் குடித்தார்.

போன பத்திரிகையைத் திரும்ப வாங்கத்தான் வழியில்லை. நிக்காஹ் அன்று கேஸ் சிலிண்டர்காரர் குடும்பத்தோடு வந்தார். ரங்கத் லாரி டிரைவர் இளநீர்க் குலையோடு வந்தார். ஹட்டோவிலிருந்து மாப்பிள்ளை அழகையாவைப் பார்க்க ஒரு படையே வந்தது. பொன்னம்மா அவரை விட்டு ஓரடி நகரவில்லை. நூருல்லா இன்னும் இரண்டு அண்டா பிரியாணி ஏற்றச் சொன்னார்.

"அழகையா, சும்மா நிக்கிறியே! பொண்ணு மாப்பிள்ளையை ஒரு போட்டோ எடுப்பா!" என்று கத்தினார்.

அழகையா தன் போனைத் தூக்கிக் காட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க பாய். இப்பத்தான் கொண்டி மாட்டிக்கிட்டு இருக்கு!"