நடைக்கூடத்தில் ஒருவர்

நூறு வீட்டிலிருந்து "பேய் நடமாடுது, வாங்க" என்று எனக்கு அழைப்பு வந்தால், தொண்ணூறு வீட்டில் அது லூஸான நியூட்ரல் வயர். மிச்சம் பத்தில் ஒன்பது பல்லி. சென்சர் மேல் பல்லி உட்கார்ந்தால் வீட்டுக்காரர் மந்திரிக்க ஆள் தேடுவார். நான் பல்லியை விரட்டத் தும்புத்தடி தேடுவேன். இருபத்திரண்டு வருஷமாக மாத்தளையில் வயரிங் வேலை, அதில் கடைசி ஆறு வருஷம் ஸ்மார்ட் வீடுகள். இந்தக் கணக்கு பிசகியதில்லை.

மிஞ்சிய அந்த ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பல்லேபொலைக்கு மேலே, மிளகும் கொக்கோவும் காடாகிப்போன ஒரு தோட்டத்தின் உச்சியில் இருக்கிறது வெள்ளக்கல் பங்களா. வெள்ளைக்காரத் தொரை காலத்துக் கட்டடம். இரண்டடி கனத்தில் கருங்கல் சுவர். அதைப் பவாஸ் முதலாளி வாங்கினார். கட்டாரில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வந்ததிலிருந்து எதையும் கையால் தொடுவதில்லை. லைட், திரை, கேட், கதவு எல்லாம் சொன்னால் கேட்க வேண்டும். வீடு பேச வேண்டும். இங்கிலீஷ் பேசும் வீடு கண்டியில் பலரிடம் இருக்கிறது என்பதால், தமிழ்க் குரல் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிப் போட்டார். செய்தி வாசிக்கிறவளைப் போல அவளுக்குச் சுத்தத் தமிழ்தான் வரும். நாம் திறந்தால் அது கதவு; அவள் திறந்தால் முன்வாயில். கொரிடோரை அவள் நடைக்கூடம் என்பாள். அப்படியென்றால் என்ன என்று முதலாளியே ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

அன்று பிற்பகல் மூன்றேகால். மழை. திரீவீல்காரன் கேட்டோடு என்னை இறக்கிவிட்டான். செம்மண் பாதையில் ஏறியதில் சப்பாத்து இரண்டும் கணுக்கால்வரை சேறு.

அந்த வாரத்தில் அது நான்காவது அழைப்பு. ஆளில்லாத கொரிடோரில் லைட் எரிகிறது என்று மூன்று முறை கூப்பிட்டிருந்தார். மூன்று முறையும் "பல்லிதான் முதலாளி" என்றேன். நான்காவது முறை அவர் பேசவில்லை, அலறினார்.

முன்வாசலில் நின்றவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எதையும் கையால் தொடாத மனிதர், நனைந்த சாரத்தோடு, கையில் கதவை நெம்பிப் பார்த்த அலவாங்கு. உள்ளங்கையில் ரத்தம்.

"வயரிங் பாஸ், அம்றா உள்ளுக்கு. கதவு தொறக்குதில்ல."

அம்றா அவருடைய ஒரே மகள். ஏழு வயது. இழுப்புக்காரப் பிள்ளை. பகல் சாப்பிட்டுவிட்டுத் தன் அறையில் தூங்கியவளை, இரண்டு நாற்பதுக்கு வீடு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. ஜன்னல்களில் இரும்பு ஷட்டர் தானாக இறங்கிவிட்டது. அவள் மூச்சுக்கு அடிக்கும் பம்ப் சாப்பாட்டு மேசைமேல், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது.

கொரிடோர் நீளமானது. தரை முழுக்கத் தடித்த கம்பளம். கடைசிக் கதவின் முன்னால் முழங்காலில் உட்கார்ந்து, கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள் முதலாளியின் மனைவி ஹமீமா.

"மெதுவா மகள். மெதுவா மூச்ச விடுங்க. உம்மா இங்கதான் ஈக்கேன்."

உள்ளேயிருந்து வந்தது ஒரு விசில் சத்தம் மட்டும். குறுகலான ஓட்டையில் காற்று நுழையப் பார்க்கும் சத்தம்.

மேலே கூரையிலிருந்து அந்தக் குரல் சொன்னது:

"நடைக்கூடத்தில் நால்வர் நிற்கிறார்கள்."

எண்ணினேன். ஹமீமா. பவாஸ் முதலாளி. நான்.

"காலையிலேருந்து இப்பிடித்தான்," என்றார் முதலாளி. "எப்பவும் இருக்கிற ஆள விட ஒராளக் கூட்டித்தான் செல்லுது."

அந்த வீட்டுக்கு நான் எழுதிக்கொடுத்த விதி ஒன்று இருந்தது. பிள்ளை தன் அறையில் தனியாக இருக்கும்போது அறிமுகமில்லாத ஆள் கொரிடோரில் நின்றால் அந்த அறை பூட்டிக்கொள்ள வேண்டும், ஷட்டர் இறங்க வேண்டும். கொரிடோர் முழுசாக ஒரு நிமிஷம் காலியாக இருந்தால்தான் திறக்கும். முதலாளி கேட்ட விதிதான். விருந்தாளிகளுக்குச் செய்து காட்டிப் பெருமைப்படுவார்.

"எல்லாரும் வெலகிப் பாத்தீங்களா?"

"பத்து நிமிஷம் தோட்டத்துல நின்டோம், மழைக்குள்ள. ஒருவர் நிற்கிறார், ஒருவர் நிற்கிறார்ன்டு அதையே செல்லுறா."

"சாவி?"

அவர் கதவுக் கைப்பிடிக்குக் கீழே விரலை வைத்தார். எனக்கே ஞாபகம் வந்தது. அந்தக் கதவில் சாவித் துவாரம் ஒன்று இருந்தது. பார்க்க லோக்கலாக இருக்கிறதென்று அடைக்கச் சொன்னார். நான்தான் அடைத்தேன். அழகாக.

அம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டதாம். வழியில் மரம் விழுந்து கிடக்கிறதாம்.

வேலையைத் தொடங்கினேன். பழக்கம்தான் கையை ஓட்டியது. ஏணி வைத்து சென்சரைப் பார்த்தேன். பல்லி இல்லை. உணர்திறனைக் கடைசிவரை குறைத்தேன். ஏசியின் காற்றுப் படுகிறதோ என்று ஏசியை அணைத்தேன். கன்ட்ரோலரை அணைத்துப் போட்டேன். சென்சரையே கழற்றி, குசினியிலிருந்த பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து மூடினேன். தகரத்துக்குள் போனால் எந்தச் சென்சரும் குருடு.

"நடைக்கூடத்தில் நால்வர் நிற்கிறார்கள்."

மெயின் சுவிட்சை இறக்கினேன். வீடு இருண்டது. பூட்டு திறக்கவில்லை. அதற்குள் தனி பேட்டரி, மூன்று நாள் தாங்கும். கள்ளன் வந்து கரண்டை வெட்டினாலும் அசையாது என்று விற்றவன் சொன்னான். நானும் அதைச் சொல்லித்தான் முதலாளி தலையில் கட்டினேன்.

கரண்ட் இல்லாத இருட்டில், மழைச் சத்தத்துக்கு நடுவே, அவள் மறுபடியும் சொன்னாள்:

"நால்வர்."

குரல்பெட்டிக்குப் பேட்டரி கிடையாது.

அப்போதுதான் வாசனை வந்தது. சப்பாத்துக்குப் பூசும் கறுப்புப் பாலிஷின் மெழுகு வாசனை. அந்த வீட்டில் எல்லாரும் ரப்பர் செருப்பு.

குசினிப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டிங்.

கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. டிங்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன் இங்கே புது வயர் இழுக்க வந்தபோது, அந்தக் கருங்கல் சுவரைத் துளைக்கப்போய் மூன்று டிரில் பிட் உடைந்தது. நான்காவது பிட்டுக்குப் பதிலாக ஒரு பொய் சொன்னேன். சுவருக்குள் தொரை காலத்து மணி வயர்கள் ஏற்கெனவே ஓடின, ஒவ்வொரு அறையிலிருந்தும் குசினிக்கு. தொரை அறையில் பட்டனை அமுக்கினால் குசினியிலுள்ள பலகையில் அந்த அறையின் நம்பர் விழும், மணி அடிக்கும், பங்களா வேலைக்காரப் பொடியன் ஓடுவான். அந்த வயரில்தான் சென்சரைக் கட்டினேன். பலகையைப் பிளைவுட் அடித்து மறைத்தேன். எல்லாம் புது வயர் முதலாளி என்றேன்.

அலவாங்கை வாங்கிக்கொண்டு போய்ப் பிளைவுட்டைப் பெயர்த்தேன். பலகையில் அறைக்கு ஒன்றாக ஆறு சின்னக் கண்ணாடி ஜன்னல். ஐந்து தூசி. ஆறாவதில் நம்பர் விழுந்து, நடுங்கிக்கொண்டிருந்தது. கடைசி அறை.

டிங்.

"என்னது இது?" என்றார் பின்னால் வந்த முதலாளி.

"பழைய வயர் முதலாளி. நான் புதுசு போடல. பொய் சொன்னேன்."

அவர் என் சட்டையைப் பிடித்தார்.  விட்டுவிட்டார். "ஏசுறதுக்கு இப்ப நேரமில்ல. வெட்டு அத."

வெட்டினேன். இரண்டு துண்டும் என் கையில் இருந்தன.

டிங்.

ஹமீமா ஓடி வந்தாள். சத்தம் போடக்கூட அவளிடம் மூச்சில்லை. "விசில் கொறஞ்சிட்டுது. இழுப்பு நின்டிட்டா நல்லம்தானே? நல்லம்தானே அண்ணன்?"

இழுப்பில் சத்தம் நிற்பது நல்லதல்ல. அது எனக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கொரிடோருக்கு ஓடினேன். டோர்ச் அடித்தேன். கதவுக்கு வெளியே, ஹமீமா உட்கார்ந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கம்பளத்தின் மயிர் அமுங்கியிருந்தது. இரண்டு பாதம். பக்கத்தில் பக்கம், குதிகால் ஒட்டி, கதவைப் பார்த்து. யாரும் இல்லை. பாரம் மட்டும் இருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது பாதம் லேசாக மேலே வந்து, மறுபடி அமுங்கியது. நெடுநேரம் நிற்கிறவன் கால் மாற்றி நிற்பதைப் போல.

இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் ஒரு கதை சொல்வார்கள். தொரை ஒருவர் மணியை அமுக்கிவிட்டு நாற்காலியிலேயே செத்துப்போனாராம். பொடியன் வந்து கதவுக்கு வெளியே நின்றானாம். பொடியன் என்றால் அறுபது வயது; பங்களாவில் நரைத்தாலும் பொடியன்தான். போ என்று சொல்ல ஆளில்லை. காய்ச்சல் உடம்போடு இரண்டு நாள் நின்றானாம். மூன்றாம் நாள் கண்டபோது உயிர் இல்லை. ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தானாம். வயரிங் செய்த நாட்களில் இதைக் கேட்டுவிட்டு, அவருக்கு ஓவர்டைம் கொடுத்தார்களா என்று கேட்டுச் சிரித்தவன் நான்.

என் அப்பா நாலந்தாப் பக்கம் ஒரு பங்களாவில் அதே வேலை பார்த்தவர். அந்த வேலையின் சட்டம் எனக்குத் தெரியும். மணி அடித்தவர் வாயால் "போகலாம்" என்று வரும்வரை நகரக் கூடாது. வேறு யார் சொன்னாலும் செல்லாது. அவர் போகச் சொன்னாலும், விடிந்ததும் அவர் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சென்சர் பார்க்கிறது, மணி அடிக்கிறது. மணி அடித்தால் அவர் வருகிறார். அவர் வந்தால் சென்சர் பார்க்கிறது. ஒரு வாரமாக அந்த மனிதரை நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிற்க வைத்திருக்கிறது, நான் கட்டிய வயர்.

முதலாளி வெறுங்காற்றைப் பார்த்துக் கத்தினார். "போ! வெளிய போ! இது என்ட வீடு!"

கம்பளம் அசையவில்லை. ஹமீமா ஓதினாள். அசையவில்லை.

மணியடித்தது அவர்கள் இல்லை.

"எல்லாரும் குசினிக்குப் போங்க," என்றேன். "கொரிடோர் காலியா இருக்கணும்."

ஹமீமா கதவைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா இங்கதான் ஈக்கேன்டு செல்லியிருக்கேன். விட்டுட்டுப் போகச் செல்றீங்களா?"

"ஒரு நிமிஷம் தங்கச்சி. ஒரே ஒரு நிமிஷம்."

முதலாளி அவளைத் தூக்கித்தான் கொண்டுபோனார்.

நான் அந்தப் பாதங்களுக்கு எதிரே நின்றேன். பாலிஷ் வாசனை மூக்கை அடைத்தது. கெஞ்சத்தான் நினைத்தேன். ஆனால் கெஞ்சினால் அவருக்குப் புரியாது. அவரிடம் யாரும் கெஞ்சியதில்லை. என் அப்பாவிடம் எந்தக் குரலில் பேசினார்களோ அந்தக் குரல் என் தொண்டைக்குள் இருந்தது. இவ்வளவு காலமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"நான்தான் மணி அடிச்சேன்," என்றேன். "வேற ஒண்ணும் வேணாம். போகலாம்."

கம்பளத்தின் மயிர் மெல்ல நிமிர்ந்தது.

நான் பின்னோக்கியே நடந்து குசினிக்குப் போனேன். மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். மணி அடிக்கவில்லை.

"நடைக்கூடத்தில் எவரும் இல்லை."

ஒரு நிமிஷம். முதலாளி பம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஹமீமாவின் நகம் என் கையில் இறங்கியிருந்தது. பத்து விநாடி போதும் என்று நான் எழுதியிருக்கலாம். ஒரு நிமிஷம்தான் கெத்தாக இருக்கும் என்று முதலாளி சொன்னார், நானும் எழுதினேன்.

கடக்.

பிள்ளை கதவோரம் தரையில் கிடந்தாள். உதடு நாவல்பழ நிறம். பம்பை வைத்து ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். நான்காவது தரத்துக்கு அந்த விசில் திரும்பி வந்தது. என் வாழ்நாளில் அதைவிட நல்ல சத்தம் கேட்டதில்லை.

அம்புலன்ஸ் வந்து ஏற்றும்போது அம்றா தகப்பனைக் கேட்டாள்: "வாப்பா, அந்த மாமாவ ஏன் ஏசினீங்க? கூப்பிட்டீங்களா, கூப்பிட்டீங்களான்டு கேட்டுக்கிட்டே நின்டாரு. பாவம்."

இரவு வீட்டுக்கு வந்து, சேற்றுச் சப்பாத்தை வெளிப்படியில் கழற்றி எறிந்துவிட்டு, என் மனைவி துஷாந்தினி போட்டுவைத்த சோற்றையும் தொடாமல் படுத்தேன். பிள்ளை தப்பிவிட்டாள் என்று பவாஸ் முதலாளி ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணியபோதுதான் கண் மூடியது. விடிய விடிய மழை.

காலையில் துஷாந்தினி வாசலிலிருந்து கேட்டாள். "ஏங்க, அதிசயமா இருக்கு. எப்ப எந்திரிச்சுப் பாலிஷ் போட்டீங்க?"

போய்ப் பார்த்தேன்.

சப்பாத்து இரண்டும் சோடியாக, முனை வெளியே பார்க்க, நான் கால் நுழைக்க வாகாக வைக்கப்பட்டிருந்தன. சேறு ஒரு பொட்டு இல்லை. கயிறுகூடக் கழுவிக் கோத்திருந்தது. முகம் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் கறுப்புப் பாலிஷ் கிடையாது.

சிமெண்டுப் படி மழையில் ஊறிக் கறுத்திருந்தது. நடுவில் இரண்டு இடம் மட்டும் வெளுப்பாக, காய்ந்து கிடந்தது. பக்கத்தில் பக்கம், குதிகால் ஒட்டி, என் வீட்டுக் கதவைப் பார்த்து.

துஷாந்தினி உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பிறகு குனிந்து, அதே குரலில் சொன்னேன்.

"போகலாம்."

மழை மறுபடி பிடித்தது. படி முழுக்க நனைந்தது.

அந்த இரண்டு இடத்தைத் தவிர.