உறைந்து போன கரைசல்

"ஐஸ மட்டும் வச்சு என்ன செய்யப் போறிய?"

பாண்டி பஜார் ஐஸ்க்ரீம் கடையில் நின்றவன் கேட்டான். உதடு சிரிக்கவில்லை, கண்கள் சிரித்தன... சூடாமணிக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

"நந்தனம் காலேஜ் லேபுக்கு. ஒரு கரைசல்ல ஆசிட் ஊத்தினா கலங்கும். சூடா இருந்தா சட்டுனு கலங்கும், குளிர்ந்தா மெதுவா. எவ்வளவு மெதுவான்னு பார்க்கணும்."

"பார்த்து?"

"பார்த்து... கிராஃப் போடணும்!"

"நந்தனத்துக்கு நடந்தா போறிய? கரைஞ்சிரும்லா?"

உள்ளே போனவன் ஒரு தூக்குவாளி நிறைய ஐஸோடு வந்தான். "எம்பேரு சுயம்புலிங்கம். வாளிய மெதுவாத் திருப்பிக் குடுங்க, போதும்."

வெளிநாட்டு நாவல்களில் காதலர்கள் வெண்பனியில் சந்திப்பார்கள். இங்கே மரத்தூள் ஒட்டிய ஐஸ்... சீ, என்ன நினைப்பு இது!

லேபில் கரைசல் குடுவையை வாளிக்குள் இறக்கினாள். ஐஸ் என்றால் பூஜ்யம் டிகிரிதானே, தெர்மாமீட்டர் எதற்கு? மற்ற அளவுகளை முடித்துவிட்டு வந்து ஆசிட் ஊற்றினாள். அது மேலேயே நின்றது. கரைசல் கல்லாய் உறைந்திருந்தது!

எப்படி? கரைசலின் அடர்த்தியை மாற்றி மாற்றி எடுத்த அளவுகளெல்லாம் கிராஃப் கோட்டில் அழகாக உட்கார்ந்தனவே. இதில் மட்டும் எதைத் தப்பாகக் கலந்தாள்? எதை நினைத்துக்கொண்டு கலந்தாள்?

"வேகத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னா குச்சி ஐஸ் பண்ணியிருக்கியேம்மா!" என்றார் பேராசிரியர் கணேசமூர்த்தி. வகுப்பே சிரித்தது. "நாளைக்குக் கடைசி நாள். இந்த அளவு இல்லாம பரீட்சைக்கு உட்கார முடியாது."

மாலையில் மழை. நனைந்தபடி கடைக்கு வந்து வாளியை மேஜையில் வைத்தாள்.

"ஐஸ்ல என்ன போட்டீங்க?"

"உப்பு." அவன் முகம் மலர்ந்தது. "ஐஸ்க்ரீம் வாளிக்குப் போடுதோம்லா? நீங்க போறதுக்குள்ள கரையக் கூடாதுன்னு ரெண்டு கை கூடப் போட்டேன்."

"உப்பு போட்டா ஐஸ் சீக்கிரம்தான் கரையும்! குளிர் பூஜ்யத்துக்கும் கீழ போயிடும். தெரியாத வேலையை ஏன் செய்றீங்க?"

கண்களில் இருந்த சிரிப்பு அணைந்தது.

"நான் காலேஜ் படிக்கலங்க. நாளைக்கு வேற கடையில வாங்கிக்கிடுங்க."

படியிறங்கி நடந்தாள். பஸ் ஸ்டாப்பையும் தாண்டிவிட்டாள். தப்பு அவனுடையதுதானே... பிறகு ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? தெர்மாமீட்டரை ஒரு நிமிஷம் வைத்திருந்தால் தெரிந்திருக்காதா? பரீட்சை போனால் அடுத்த வருஷம் எழுதலாம். அந்தக் கண்கள்...

திரும்பினாள்.

"தப்பு என்னுது. அளந்து பார்த்திருக்கணும், பார்க்கல. நீங்க சொன்னபடி ஐஸை வேற கடையில வாங்கிக்கிறேன்."

"இதைச் சொல்லவா மழையில திரும்பி வந்திய?"

"இல்ல..." முந்தானை நுனியை முறுக்கினாள். "ஐஸ் தேவைப்படாத நாள்லயும் நான் இங்க வரலாமான்னு... கேட்க வந்தேன்."

சுயம்புலிங்கம் தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது.

"வாங்க... காலையில நீங்க போனதுலேருந்து நான் வாசலத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."