வடக்கைத் தொலைத்த நான்கு கற்கள்

கல்லுக்கு ஞாபகம் இருக்கும் என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். அல்ஷிஃபாவுக்கு வரவில்லை. சொன்னது அவளுடைய ரோஷன் சாச்சி ஆயிற்றே!

சாச்சி என்றால் அம்மாவின் தங்கை. வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கற்களை ஆராய்கிறார். உறையூரில் அல்ஷிஃபாவின் வீட்டுக்கு வந்திருந்தவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்ஷிஃபாவைக் கூட்டிக்கொண்டு உப்பிலியபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே பச்சைமலை அடிவாரத்தில், செல்லக்கண்ணு என்பவரின் வயலுக்கு நடுவே ஒரு பெரிய கரும்பாறை இருந்தது.

"இந்தப் பாறை ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி நெருப்பாக் கொதிச்சுது," என்றார் சாச்சி. "ஆறும்போது உள்ள இருந்த குட்டிக் குட்டி இரும்புத் துகள் எல்லாம், வடக்கு எந்தப் பக்கம்னு பார்த்துத் திரும்பிடுச்சு. அப்படியே உறைஞ்சும் போச்சு."

"இன்னும் அப்படியே நிக்குதா சாச்சி?"

"ஆமா. அதைப் படிச்சா, இந்த நிலம் அப்போ உலகத்துல எங்க இருந்துச்சுன்னு தெரியும். வேற வேற நிலத்துக் கல்லையும் படிச்சா, அதெல்லாம் எப்போ மோதி ஒண்ணாச்சுன்னு கண்டுபிடிக்கலாம்."

அல்ஷிஃபா கண்களை மூடினாள். இருண்ட கடலில் பெரிய பெரிய நிலங்கள் பரிசல்களைப் போல மிதந்து வந்தன. ஒன்றுக்கும் அவசரம் இல்லை. மெல்ல வந்து, மெல்ல முட்டி, முட்டிய இடத்தில் மலையாக எழுந்தன.

"நாலு கல்லுதாம்மா," என்று செல்லக்கண்ணு கறாராகச் சொல்லிவிட்டார். "அதுக்கு மேல குழி விழுந்தா, பாறையில சோளம் காயப்போட முடியாது."

சாச்சி திசைகாட்டியைப் பார்த்து, நான்கு இடங்களில் வடக்கு நோக்கி சாக்பீஸால் அம்புக்குறி போட்டார். பிறகு உளியால் அந்தக் கற்களைப் பெயர்த்தார். பாறையில் கல் எப்படிக் கிடந்தது என்று அந்தக் குறிதான் சொல்லும். அது இல்லாவிட்டால், கல்லின் ஞாபகம் யாருக்கும் உதவாது.

"மோர் குடிச்சிட்டு வந்து பெயிண்ட்ல வரைஞ்சிடலாம்," என்றார் சாச்சி.

மோர் குடித்துவிட்டு வந்தால், நான்கு கற்களும் ஈரமாகப் பளபளத்தன. பக்கத்தில் தேங்காய் நாரும் கையுமாக மாரியாயி. செல்லக்கண்ணுவின் மனைவி.

"ஊருக்குக் கொண்டுபோற சாமானு, கோடும் கீடுமா அழுக்கா இருந்துச்சுங்க. நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன்!" என்றார் பெருமையாக.

சாச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ராத்திரி ரயில் ஏறணும். வேற கல்லும் எடுக்க முடியாது. வந்ததே வீணாப்போச்சு," என்று முணுமுணுத்தார்.

மாரியாயியின் காதில் அது விழுந்துவிட்டது. "ஐயோ, கெடுத்துட்டேனா?" என்றார். அவர் கண்கள் கலங்கின.

அல்ஷிஃபாவுக்குப் பாவமாக இருந்தது. ஒரு கல்லைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். கறுப்புக் கல்லில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. தூசி படிந்திருந்தபோது அது தெரியவே இல்லை.

"சாச்சி! இந்தக் கோடு பாறையிலயும் ஓடுமா?"

"ஓடும். ஆனா அழுக்குல எங்க தெரியப்போகுது..." என்ற சாச்சி சட்டென்று நிமிர்ந்தார்.

"அத்தை, நாரை எடுங்க!" என்று கத்தினாள் அல்ஷிஃபா. "நீங்க கழுவினதாலதான் கோடே தெரிஞ்சுது. பாறையையும் கழுவலாம் வாங்க!"

மாரியாயிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கழுவத் தெரியாதா? இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, நான்கு குழிகளையும் சுற்றித் தேய்த்தார். வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கோட்டோடு கோடு சேர்த்து வைத்ததும், மூன்று கற்கள் தத்தம் குழியில் ஆடாமல் உட்கார்ந்தன.

நான்காவது கல்லில் கோடே இல்லை. மீதி ஒரு குழிதான், ஆனால் எப்படி வைத்தாலும் ஆடியது. மாரியாயி ஒரு பக்கம், அல்ஷிஃபா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினார்கள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

டக்!

"உக்காந்துடுச்சு!" என்று முதலில் கை தட்டியவர் மாரியாயிதான்.

சாச்சி மறுபடி திசைகாட்டியைப் பார்த்து, இந்த முறை பெயிண்டில் அம்புக்குறி வரைந்தார். அது காயும்வரை மாரியாயி ஒரு கோழியைக்கூடப் பாறைப் பக்கம் விடவில்லை. ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

அல்ஷிஃபா வெதுவெதுப்பான பாறையில் மல்லாந்து படுத்தாள். மேகங்கள் போய்க்கொண்டிருந்தன.

"சாச்சி, இந்த நிலம் இப்பவும் நகருதா?"

"நகருது. நம்ம நகம் வளர்ற வேகத்துல."

"என்னது? என் வீடுமா?" என்று பதறினார் மாரியாயி.

"வீடு, கிணறு, கோழி, நாம, எல்லாமேதான்," என்றார் சாச்சி.

மாரியாயி அல்ஷிஃபாவின் பக்கத்தில் வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"போகட்டும் விடுங்க. எல்லாரும் சேர்ந்துதானே போறோம்!"