கும்போவின் தொண்டையில் ஒரு தவளை

கும்போவின் தொண்டைக்குள் ஒரு தவளை குடியேறியிருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவன் தங்கை லுசுங்குதான்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் ஆவி பறக்கும் சிமா களி, நடுவில் மீன் குழம்பு, ஒரு கிண்ணத்தில் கீரை.

"அம்மா, கொஞ்சம் கீரை" என்றான் கும்போ.

'அம்மா' கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. 'கீரை' கூரை மேலிருந்து வந்தது.

லுசுங்குவுக்குப் பத்து வயது. யார் பேசினாலும் அதே மாதிரி பேசிக் காட்டுவாள். வாத்தியார், மீன்காரி, மினிபஸ்ஸில் ஆள் கூப்பிடும் பையன் எல்லோரும் அவள் வாயில் இருந்தார்கள். இதை மட்டும் சும்மா விடுவாளா? "அம்மா, கொஞ்சம் கீரை" என்று கிணற்றிலிருந்து கூரைக்கு ஒரே தாவு தாவினாள்.

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். கும்போவும் சிரித்தான், ஒப்புக்கு.

மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். "லுசுங்கு, அண்ணன் கீரை கேட்டதைச் செஞ்சு காட்டுடி" என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலும் கேட்டார்கள். அங்கேயும் செய்து காட்டினாள். கைதட்டல்கூடக் கிடைத்தது.

அதற்கப்புறம் கும்போ பேசுவதையே நிறுத்திவிட்டான்.

வேண்டுமென்றால் தலையை ஆட்டினான். வேண்டாமென்றால் கையை ஆட்டினான். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வழியெல்லாம் லுசுங்குவுக்குக் கதை சொல்லிக்கொண்டு வருகிறவன், இப்போது தனியாக முன்னால் நடந்தான். முயல் கழுதைப்புலியைக் குழிக்குள் தள்ளிவிட்ட கதை பாதியில் நின்றது. கழுதைப்புலி குழிக்குள்ளேயே கிடந்தது.

"ஐஸ் போட்ட சோடா குடிச்சிருப்பான்" என்று அம்மா இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

"அதெல்லாம் இல்ல, திமிரு. பதிமூணு வயசாயிடுச்சுல்ல" என்றார் அப்பா.

இதில் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அவர்கள் சர்ச்சில் வாரம் ஒரு குடும்பம் எழுந்து நின்று பாட வேண்டும். வரும் ஞாயிறு இவர்கள் முறை. எப்போதும் அம்மா "டோ" என்று உயரத்தில் சுருதி கொடுப்பாள். கும்போ அதற்கும் மேலே ஏறிப் பாடுவான். அம்மாவும் லுசுங்குவும் நடுவில். அப்பா எல்லோருக்கும் கீழே.

சனிக்கிழமை காலை அண்ணனும் தங்கையும் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, கும்போ திடீரென்று வாயைத் திறந்தான். கிசுகிசுப்பாகத்தான் பேசினான்.

"நாளைக்கு நான் சர்ச்சுக்கு வரல. இனிமே பாடவே மாட்டேன்."

"ஏண்ணே?"

"தொண்டை கெட்டுப்போச்சு. மேட்ச்ல கத்திக் கத்தி நானே கெடுத்துக்கிட்டேன். இனிமே இப்படியேதான் இருக்கும்."

"அப்படின்னு யார் சொன்னா?"

"யாரும் எதுவும் சொல்லல. சிரிக்கத்தான் செய்றாங்க."

லுசுங்கு வாளியைப் பார்த்தாள். "நான் விளையாட்டுக்குத்தான் செஞ்சேன்."

"தெரியும். நீ நல்லாத்தான் செய்ற. அதான் கஷ்டமா இருக்கு."

அவன் வாளியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். லுசுங்குவுக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு முன்னால் அப்பா மரம் ஏற்றும் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். லுசுங்கு நேராக அவரிடம் போனாள்.

"அப்பா, உங்க தொண்டை எப்ப கெட்டுச்சு?"

"எனக்கென்ன கேடு? நல்லாத்தானே இருக்கு."

"இல்லப்பா. சின்னப் பையனா இருந்தப்ப உங்களுக்கும் மெல்லிசுக் குரல்தானே இருந்திருக்கும். எப்ப தடிச்சுது?"

"ஓ, அதுவா? அண்ணன் வயசுலதான். எல்லாப் பசங்களுக்கும் வர்றது. கொஞ்ச மாசம் அப்படி இப்படி இழுக்கும். அப்புறம் தானா சரியாயிடும்."

"அது அண்ணனுக்குத் தெரியாதுப்பா. கத்திக் கெடுத்துட்டேன்னு நினைச்சுட்டிருக்கான்."

அப்பாவின் கை நின்றது. "இதையெல்லாமா உட்கார வச்சுச் சொல்லணும்?"

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. எங்க வீட்ல எனக்கு ஆட்டுக்குட்டின்னு பேரு வச்சாங்க. நான் வாயைத் திறந்தா எல்லாருமாச் சேர்ந்து மேமேன்னு கத்துவாங்க." அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

லுசுங்குவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சர்ச்சில் அவள் எப்போதும் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நிற்பாள். பாட்டு முடிகிறவரை அப்பாவின் வாய் திறந்து மூடும். ஆனால் ஒரு சத்தமும் கேட்காது. அடிக்குரல் என்றால் காதுக்கே எட்டாத அளவு அடியில் இருக்கும் போலிருக்கிறது என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"அதனாலதான் நீங்க வாயை மட்டும் அசைக்கிறீங்களாப்பா?"

அப்பா சட்டென்று வீட்டு வாசலைப் பார்த்தார். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல." லுசுங்கு கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அண்ணனும் பெரியவனானா வாயை மட்டும்தான் அசைப்பானா?"

அப்பா கையிலிருந்த துணியைப் பிழிந்தார். தண்ணீர் எல்லாம் வடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார்.

சாயங்காலம் பாடிப் பார்க்க எல்லோரும் கூடினார்கள். கும்போ கதவோரமாக நின்றான். அம்மா சுருதி கொடுக்க வாயைத் திறந்தாள்.

"அம்மா, இந்தத் தடவை நான் குடுக்கட்டுமா?" என்றாள் லுசுங்கு.

அண்ணன் கீரை கேட்டபோது வந்த அந்தக் கிணற்றுக் குரல் அவளுக்கு நன்றாகவே பழகியிருந்தது. கிணற்றில் எவ்வளவு தூரம் இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கி, "டோ" என்றாள்.

"என்னடி இது, இவ்வளவு கீழ? பாடணுமா, தூங்கணுமா?" என்றாள் அம்மா.

"மேல நீங்களும் நானும் பாடுவோம். அண்ணன் அப்பாவோட கீழ பாடட்டும்."

கும்போ வேகமாகக் கையை ஆட்டினான். மாட்டேன் என்று அர்த்தம்.

அப்பா எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றார். "நீ கத்தினதால இப்படி ஆகலடா. வளர்ற, அவ்வளவுதான். எனக்கும் இதே மாதிரிதான் ஆச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாம உக்காந்து சிரிச்சுட்டேன்."

கும்போ அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். "சரியாயிடுமா?" முதல் பாதி தவளை, அடுத்த பாதி விசில்.

யாரும் சிரிக்கவில்லை.

"ஆயிடும். ஆகுற வரைக்கும் என்கூடப் பாடு. எனக்கும் துணை வேணும். நான் இத்தனை வருஷமா வாயை மட்டும்தான் அசைச்சுட்டிருந்தேன்."

"என்னது?" அம்மா இடுப்பில் கை வைத்தாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்தா?"

"உன் ஒரு குரலே ரெண்டு பேருக்குப் போதுமா இருந்துச்சு" என்றார் அப்பா பணிவாக.

கும்போவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிப்பு உடைந்து கீச்சென்றது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு லுசுங்குவைப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"சரிண்ணே. உன் குரலை இனிமே செய்ய மாட்டேன்" என்றாள் விரலிடுக்கு வழியாக.

ஞாயிற்றுக்கிழமை லுசுங்கு "டோ" கொடுத்தாள். இரண்டாவது அடியில் கும்போவின் குரல் கீச்சிட்டது. முன் வரிசைப் பையன்கள் இரண்டு பேர் திரும்பினார்கள். அதே நிமிஷம் அவனுக்குப் பக்கத்திலிருந்து அதைவிடப் பெரிய கீச்சு ஒன்று வந்தது. சர்ச் முழுவதும் அப்பாவைப் பார்த்தது. அது வேண்டுமென்றே வந்ததா, தானாக வந்ததா என்று லுசுங்குவுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. கும்போவும் நிறுத்தவில்லை. கடைசி அடியில் இரண்டு பேர் குரலும் கீழிருந்து ஒன்றாக எழுந்தபோது, அம்மா பாட மறந்து திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் கிளம்பினார்கள். கும்போ முன்னால் ஓடவில்லை. மேட்டு வளைவு வரை தங்கையோடு ஒட்டியே நடந்தான்.

"கழுதைப்புலியை எங்க விட்டேன்?" என்றான்.

"குழிக்குள்ள."

கும்போ தொண்டையைச் செருமிக்கொண்டான். கழுதைப்புலி குழிக்குள்ளிருந்து கரகரவென்று உறுமியது. முயல் மேலே நின்று கீச்சுக் குரலில் சிரித்தது. முன்பெல்லாம் கும்போ சொல்லும்போது இரண்டும் ஒரே குரலில்தான் பேசும்.

"அண்ணே, இப்பத்தான் கதை நல்லா இருக்கு" என்றாள் லுசுங்கு.