பதினொன்று இடம் மாறுகிறது

லாட்ஜ் என்றால் வெளியூர்க்காரர்கள் வந்து ஓரிரு நாள் தங்கிப் போகிற இடம் என்று வகுப்பில் ஆங்கில டீச்சர் சொன்னார். அங்கேயே குடித்தனம் நடத்துகிறவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவளும் கேட்கவில்லை. கேட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

பெரியவளுக்குப் பத்து வயது. தம்பி குட்டிக்கு நாலு. இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அப்பா எல்லாரையும் லாட்ஜின் பதினோராம் ரூமில் விட்டுவிட்டு, வேலை தேடி வேறு ஊருக்குப் போனார். போனவர் போனவர்தான். போன் போட்டால் மணிகூட அடிக்கவில்லை.

லாட்ஜில் யாருக்கும் பேர் கிடையாது. ரூம் நம்பர்தான் பேர். "எட்டு, தண்ணி வேணுமா?", "பதினாலு இன்னும் எந்திரிக்கலையா?" என்றுதான் மேனேஜர் கேட்பார். ஒருநாள், "பாவம், ஆறுக்கு வயித்து வலி" என்றார். ரூம் என்றால் அறை என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். இங்கே ஆள் என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறது போல என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

குட்டிக்கு அதில் பரம திருப்தி. யார் பேர் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பதினொன்னு" என்பான்.

வினை அங்கேதான் வந்தது. முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். நாள்பட்டுத் தங்குகிறவர்கள் மாதம் முடிந்தால் ரூம் மாறியாக வேண்டும். ஒரே ரூமில் வேர் விட்டால் சொந்தம் கொண்டாடுவார்களாம். குட்டி வீட்டாருக்கு முதல் மாதம் முடிந்தது.

அம்மா மூட்டைகளை மாடிக்குத் தூக்கி வந்து, இருபத்தேழாம் ரூமுக்குள் போட்டாள். குட்டி உள்ளே வரவில்லை. வாசலில் உட்கார்ந்து தொண்டை கிழிய அழுதான்.

"நான் பதினொன்னு. நான் இங்க வரமாட்டேன்."

எதிர் ரூமின் கதவு திறந்தது. தலையெல்லாம் கலைந்த பூட்டு வியாபாரி எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ராத்திரி முழுக்க பஸ்ல உக்காந்து வந்திருக்கேன். ஊருக்கே பூட்டு விக்கறேன், இந்த வாய்க்கு ஒண்ணு போட முடியலையே."

சொல்லிவிட்டு நேரே கீழே போனார். சற்று நேரத்தில் மேனேஜர் மூச்சு வாங்க மேலே வந்தார். கெட்டவர் இல்லை. முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறவர், அவ்வளவுதான்.

"அக்கா, சாயங்காலம் முதலாளி வராரு. இந்த அழுகை அவர் காதுல விழுந்தா மூட்டைய வெளிய வைக்கச் சொல்லிடுவாரு. அப்புறம் என்கிட்ட கேக்காதீங்க."

அம்மா சுவரில் சாய்ந்தாள். தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற நேரம். தாமதமானால் அந்த வேலையும் போய்விடும்.

"என்னால முடியலடி," என்றாள் பெரியவளிடம். "இதையும் விட்டா நமக்கு ரோடுதான். எப்படியாவது அவன அடக்கு." ரூம் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

பெரியவள் கெஞ்சினாள். கிச்சுகிச்சு மூட்டினாள். மிட்டாய் வாங்கித் தருவதாகப் பொய் சொன்னாள். மிரட்டியும் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் அவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இனி எங்கே போவது? ரோடு என்றால் எந்த ரோடு? அதுகூடத் தெரியவில்லை.

அவள் அழுவதைக் கண்டதும் குட்டியின் சத்தம் தணிந்தது.

"அக்கா, நீ ஏன் அழுவற?"

"நீ ஏன் அழுவறியோ அதுக்குத்தான்."

குட்டி யோசித்தான். "அப்பா வந்து பதினொன்னு எங்கன்னு கேப்பாரு. அங்க வேற யாராவது இருப்பாங்க. அவங்கதான் பதினொன்னு. அப்பா அவங்களக் கூட்டிட்டுப் போயிடுவாரு."

பெரியவள் நிமிர்ந்தாள். இவ்வளவு நேரம் ரூமுக்காக அழுகிறான் என்றல்லவா நினைத்தாள்! அப்பா திரும்பி வருவாரா என்று அவளுக்கே தெரியாது. அதை எப்படி இவனிடம் சொல்வது?

"சரி, லாட்ஜுக்கு ஒருத்தர் வந்தா முதல்ல யார்கிட்ட கேப்பாரு?"

"மேனேஜர்கிட்ட."

"எந்த ரூம்ல யார் இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"மேனேஜருக்கு."

"மேனேஜருக்கு நம்பர் உண்டா?"

குட்டி விரலை வாயில் வைத்தான். "இல்ல. அவரு எப்பவும் மேனேஜரு."

"அப்ப நீ மேனேஜரா இரு. உன்னை யாரும் மாத்த முடியாது. அப்பா வந்தாலும் உன்கிட்டதான் கேப்பாரு. இந்தா சாவி. நான் இப்பதான் ஊர்லேருந்து வரேன். ரூம் கிடைக்குமாங்க?"

குட்டி மூக்கைத் துடைத்தான். சாவியை வாங்கிக்கொண்டு எழுந்தான். கதவைத் தாண்டி உள்ளே போய் நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்தான்.

"எத்தன பேரு?"

"நானும் அம்மாவும்."

"சத்தம் போடக் கூடாது. எதிர்ல தூங்கறாங்க."

"போடமாட்டேங்க."

"உள்ள வாங்க."

அதன்பிறகு சாயங்காலம்வரை மேனேஜருக்கு ஓய்வே இல்லை. ஒரு தலையணைக்கு ரூம் கொடுத்தான். கொசு ஒன்றைக் காலி பண்ணச் சொன்னான்.

வெயில் சாய்ந்தபோது கதவு தட்டப்பட்டது. பெரியவள் சட்டென்று எழுந்தாள். முதலாளி வந்துவிட்டாரா? அதற்குள் குட்டி ஓடிப்போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தான். மேனேஜர் நின்றிருந்தார்.

"யாரு? எத்தன பேரு?" என்றான் குட்டி.

மேனேஜர் விழித்தார். "நான்... ஒரு ஆள்தான்."

"ரூம் இல்ல. எங்கப்பாவுக்கு வச்சிருக்கோம்."

மேனேஜர் பெரியவளைப் பார்த்தார். அவள் கண் வீங்கியிருந்தது. மூட்டைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, இன்னொரு மேனேஜரிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார்:

"முதலாளி வந்துட்டுப் போயிட்டாருங்க. சத்தமே இல்லையேன்னு பாக்க வந்தேன். உங்க அப்பா வந்தா எந்த ரூமுக்கு அனுப்பணும்?"

குட்டி கொஞ்சமும் தயங்கவில்லை.

"இருபத்தேழு."