காற்றைத் திறந்துவிட்டவர்

"என்னைக் காப்பாத்தின ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியணும், பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் அழகரெத்தினம் கதிரையில் உட்கார்ந்தார்.

கல்முனை பிரதான வீதியில், புடவைக் கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது ஆதிலாவின் அறை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தமிழ், சிங்களம் இரண்டிலும் பொய் கேட்டுப் பழகிய காது என்பதால், ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் என்றாலும் அந்தப் படியேறி வருவார்கள். ஆட்டோக்காரர் முஸ்தாக் சவாரி இல்லாத நேரமெல்லாம் அவருக்கு உதவித் துப்பறிவாளர். சவாரி இருக்கும் நேரத்திலும் அப்படித்தான் என்பது முஸ்தாக் மனைவியின் முறைப்பாடு.

அழகரெத்தினத்தை அந்தக் கரையோர ஊர்களில் தெரியாதவர்கள் குறைவு. எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இருந்ததில்லை. ஒரு சைக்கிள், படியெடுக்க ஒரு ரோணியோ இயந்திரம், கொஞ்சம் பிடிவாதம், இவற்றை வைத்துக்கொண்டு சொந்தமாகச் செய்தித்தாள் நடத்தியவர். யாரைப் பற்றி எழுதினாலும் அந்த ஆளின் பக்கத்தையும் கேட்காமல் எழுதமாட்டார். அதை ஒரு விரதம் போலக் காத்தார். தாள் வெளிவரும் நாளில் தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் தேநீர் ஆறுவதையும் மறந்திருப்பார்கள். இப்போது யாரும் உரக்கப் படிப்பதில்லை. ஆளுக்கொரு கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அவருடைய கட்டுரைகள் இப்போது நூலாக வரப்போகின்றன. முதல் அத்தியாயம், அவருக்குப் பெயர் வாங்கித் தந்த நிவாரண அரிசி விவகாரம். சவளக்கடைப் பக்கம் நெல் ஆலை வைத்திருந்த ஸஹீத் ஹாஜியார், அகதி முகாமுக்குப் புழுத்த அரிசி அனுப்பிய கதை அது.

"புத்தகம் வருதெண்டு கேள்விப்பட்டுத் தம்பையா வந்தார்" என்று தொடங்கினார் அழகரெத்தினம். "முந்தி கிட்டங்கிப் பக்கம் வயல் காவலிருந்த ஆள். முப்பது வருசமா வாய் திறக்காதவர் போன கிழமை சொல்லுறார், நான் அந்த அரிசிக் கதையை எழுதிக்கொண்டிருந்த நேரம், ஒரு அந்தியில ரெண்டு பேர் ரோட்டோரம் கத்தியோட ஒளிஞ்சி நிண்டவங்களாம். 'பேப்பர்க்காரன் போயிட்டானா' எண்டு இவரிட்டயே கேட்டிருக்காங்க."

"அண்டைக்கு நீங்க அந்தப் பக்கம் போகல்லயா?" என்றார் ஆதிலா.

"போகத்தான் வெளிக்கிட்டன். கல்முனையில கலந்தர்ட கடையில தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தா, ரெண்டு சில்லிலயும் காத்தில்ல. வால்வு ரெண்டையும் கழட்டியிருக்கு. சைக்கிள்ல மாட்டியிருந்த பம்பும் இல்ல. மழைக்குச் சைக்கிள் கடைக்காரனும் பூட்டிட்டுப் போயிட்டான். உருட்டிக்கொண்டு வீட்ட போனன். வழி முழுக்க, காத்தைத் திறந்துவிட்டவனைத் திட்டினன்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்கு உசிர் தந்தவனையல்லோ திட்டியிருக்கன்! புத்தகத்துட முதல் பக்கத்தில அந்தப் பேரைப் போடாம அச்சுக்குக் குடுக்க மனம் வரல்ல."

"ராத்தா, இது பொடியன்மார்ட சேட்ட" என்று, ஆதிலாவை அக்கா முறை சொல்லி முந்திக்கொண்டார் முஸ்தாக். "காத்தத் திறந்து விடுற வெளாட்டு நாங்களும் வெளாடினதுதானே."

ஆதிலா அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "பம்ப் திரும்பக் கெடச்சிச்சா, ஐயா?"

"விடிய எழும்பிப் பாத்தா கேற்றில ஒரு பையில தொங்குது. வால்வும் இருந்திச்சி. அடிச்சுப் பாத்தன், உமி பறந்து கண்ணுக்குள்ள விழுந்திச்சி."

"நீங்க எங்க போறீங்க எண்டு ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியா. வடக்க போறதெண்டா தெற்கால வெளிக்கிடுற ஆள் நான். கலந்தருக்கும் சொல்லல்ல."

ஆதிலா தன் கதிரையை முன்னால் இழுத்தார்.

"ஸஹீத் ஹாஜியார்ட பக்கத்தையும் கேட்டுத்தான் எழுதியிருப்பீங்க. அதுக்கு எப்ப போக இருந்தீங்க?"

அழகரெத்தினம் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அண்டைக்குத்தான். அந்திக்கு மில்லுக்கு வாறன் எண்டு முதல் நாளே அவருக்கு ஆளனுப்பியிருந்தன்."

ஊரார் முதுகையெல்லாம் பார்த்தவருக்குத் தன் முதுகு தெரியவில்லை. யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவருக்குச் சொல்வது தொழில் முறை. அதனால் ஹாஜியாருக்குச் சொன்னதை, ஒருவருக்குச் சொன்னதாகவே அவர் எண்ணியதில்லை.

முஸ்தாக் துள்ளி எழுந்தார். "அப்ப கத்தியோட ஆளனுப்பினது அவர்தான்! விசயம் முடிஞ்சி."

"பாதிதான் முடிஞ்சிரிக்கி" என்றார் ஆதிலா. "ஐயா அந்த வழியால மில்லுக்கு வாறத்த அந்தக் கத்திக்காரனுகள் அவர் ஊட்டு ஆக்களாலதான் அறிஞ்சிரிக்க ஏலும். அது சரி. ஆனா காத்தத் திறந்து விட்டவருக்கும் அது தெரிஞ்சிரிக்கணுமே. எதிரியெண்டா டயரக் கிழிச்சிரிப்பான். பொடியனெண்டா வால்வ எறிஞ்சிட்டு ஓடியிரிப்பான். கள்ளனெண்டா பம்பத் திருப்பித் தரமாட்டான். இவரு, அடுத்தவன்ட சாமான் அமானிதம், பத்திரமாத் திருப்பிக் குடுக்கணும் எண்டு பயந்து, விடியிறதுக்குள்ள கொண்டு வந்து மாட்டியிரிக்காரு."

"உமி? இஞ்ச உமி இல்லாத ஊடு எது, ராத்தா?"

"மாரியிலயா? பயிர் பச்சையா நிக்கிற காலம், சூடடிப்பும் இல்ல. ஊரெல்லாம் மழை. காய்ஞ்ச உமி பறக்கிற இடம் மில் ஒண்டுதான். அண்டு ராவு அந்தப் பம்ப் மில்லுலதான் கெடந்திரிக்கி."

முஸ்தாக் மெதுவாக உட்கார்ந்தார். அழகரெத்தினம் எழுந்து நின்றார்.

முஸ்தாக்கின் ஆட்டோ, ஆலைக்குப் போகும் வழியில் கிட்டங்கியைக் கடந்தது. ஒரு காலத்தில் அழகரெத்தினம் சைக்கிளில் அளந்த வீதி அது. இரு பக்கமும் வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆலை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பக்கத்து வீட்டு விறாந்தையில், கைத்தடியோடு ஸஹீத் ஹாஜியார் இருந்தார். வந்தவரை அடையாளம் காண அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"பேப்பர்க்கார ஐயாவா? அண்டைக்கு அந்திக்கு வாறன் எண்டு வராம, மறுநாள் பகல்ல வந்து கேட்டுட்டுப் போனீங்க. அதுக்குப் பொறகு இப்பதான் வாறீங்க."

ஆதிலா தான் ஊகித்ததைச் சுருக்கமாகச் சொன்னார். கிழவர் மறுக்கவில்லை.

"மச்சான்ட வேல. நீங்க வாறத்த நான்தான் ஊட்டுல வாய் தவறிச் சொல்லிட்டன். மறுகா அவன் ஆளையும் கூட்டிக்கிட்டுப் போறத்தக் கண்டன். சொன்னாக் கேக்கிற மனிசனில்ல. லொறிய எடுத்துக்கிட்டு கல்முனைக்கு ஓடினன். கலந்தர்ட கடை வாசல்ல நிண்ட ஒங்கட சைக்கிள் எனக்குத் தெரியாதா? என்ட மில்லுக்கு முன்னால எத்தின நாள் நிண்டது!" பெருமூச்சு விட்டார். "அவன் இப்ப உசிரோட இல்ல, மவுத்தாகிட்டான். புள்ளைகள் நல்லா இரிக்காங்க. என்ட பேரப் போட்டா அவன்ட பேரும் வெளிய வரும், அவங்கட தலையில இத வெச்சிராதீங்க."

அழகரெத்தினம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

"ஹாஜியார், அந்த முதல் அத்தியாயத்தை எடுத்துர்றன்."

"எதுக்கு? நான் புழுத்த அரிசி குடுத்தது பொய்யா? அது அப்பிடியே கெடக்கட்டும். அதுக்குப் பொறகுதான் நான் ஒழுங்கா அரிசி குத்தின."

"ஏன் ஹாஜியார், அண்டைக்கே கடைக்குள்ள வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

ஹாஜியார் பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"சொல்லியிருந்தா, அந்த அரிசிக் கதைய எழுதியிருப்பீங்களா?"



நூல் வெளிவந்தது. முதல் பக்கத்தில் பெயர் இல்லை. 'என் சைக்கிளில் காற்றைத் திறந்துவிட்டவருக்கு' என்று மட்டும் இருந்தது. கலந்தரின் கடை இன்றும் இருக்கிறது, அவர் மகன் நடத்துகிறார். அங்கே முஸ்தாக் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார். "ஆரு அது?" என்று எல்லோரும் கேட்டும், ஆச்சரியமாக, அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு முதல் அத்தியாயத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார்.

மூலை மேசையில் அழகரெத்தினத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஹாஜியார் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தேநீர் ஆறிப்போயிருந்தது.