அடுப்பில்லாத குடில்

பயிர் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சாயும். அந்த ஓரிடத்தில் மட்டும் பூண்டுத்தாள் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

யின்ஹுவா அதைக் கவனித்தபோது பனிக்காலம் இன்னும் முற்றவில்லை. காய்கறி வளர்க்கும் பசுமைக்குடில் அது; தெற்குப் பக்கம் வளைந்து இறங்கும் பிளாஸ்டிக் கூரை, வடக்கே கோட்டைபோல் தடித்த மண்சுவர். பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் சுவர் இரவில் அதைச் சிறுகச் சிறுக விடும். சாயங்காலம் கூரைமேல் சுருட்டியிருக்கும் தடித்த போர்வையை இறக்கிவிட்டால் போதும், வெளியே ஆறு உறைந்து கிடந்தாலும் உள்ளே கீரை பிழைத்துக்கொள்ளும். விறகும் வேண்டாம், கரியும் வேண்டாம். ஆனால் வெயிலே எட்டிப் பார்க்காத நாட்களிலும் சுவரின் அந்த இடத்தில் உறைபனி படியவில்லை. கை வைத்துப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையின் சூடு.

கணவன் தெமினிடம் காட்டினாள். “உனக்கு முன்னாடியே எந்திரிச்சு யாரோ அடுப்பு பத்த வெச்சிட்டாங்க போல” என்று அவன் சிரித்தான். புத்தாண்டுக் கொழுக்கட்டைக்கு ஊரெல்லாம் பூண்டுத்தாள் தேடும் சமயம். சூடு இருக்கிற இடத்தில் பயிர் வளர்ந்தால் நல்லதுதானே என்றான்.

குடில் அதற்கு முன் லுவான் குடும்பத்திடம் இருந்தது. அந்த வீட்டு மருமகள் ஒரு குளிர்காலத்தில் செலரிக் கீரை அறுக்க உள்ளே போனவள், வீடு திரும்பவேயில்லை. யாரோடோ ஷென்யாங் நகரத்துக்கு ஓடிவிட்டாள் என்று ஊர் பேசி முடித்துக்கொண்டது. பக்கத்துக் குடில்காரர் ஹுவோ மட்டும் ஒருமுறை யின்ஹுவாவிடம், “ஓடுறவ அறுத்த செலரிய எதுக்கு வரிசையா கட்டி அடுக்கி வெக்கணும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

பிறகு பனிப்புயல் வந்தது. மின்சாரம் போனதால் போர்வையைச் சுருட்டும் மோட்டார் ஓடவில்லை. நனைந்த போர்வை கூரையோடு ஒட்டிப் பலகையாக இறுகிவிட்டது. புயல் ஓய்ந்த காலையில் தெமின் பனியைத் தள்ளக் கூரைமேல் ஏறினான். யின்ஹுவா அரிவாளோடு உள்ளே போனாள். வெளியே கண் கூசும் பகல், உள்ளே கிணற்றுக்குள் இறங்கியதுபோல் இருட்டு. பூண்டுத்தாளின் காரமும் ஈரமண்ணின் புளித்த வாசனையும் மூக்கை அடைக்க, தலைக்குமேல் கணவனின் காலடி போவதையும் வருவதையும் கேட்டபடி அவள் குனிந்து அறுக்கத் தொடங்கினாள்.

பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். மேலே இருந்த பனி மொத்தமாகச் சரிந்தது. வாசலை ஒட்டிய சிறு அறை அதற்கடியில் நொறுங்கியது. கதவு அசையவில்லை.

தெமினின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்டது. “யின்ஹுவா, அடிபட்டுச்சா?”

“இல்ல. கதவு தெறக்கல.”

“கூரையத் தொடாத. தாங்குற குழாயெல்லாம் வளைஞ்சு நிக்குது, மொத்தமா உன்மேல விழுந்துரும். நான் போய் ஹுவோ அண்ணனக் கூட்டியாறேன். நீ அந்தச் சுவரோரமா போய் உக்காரு. அங்கதான் கதகதப்பா இருக்கும்.”

அவள் அங்கே போகவில்லை. நடுப்பாத்தியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கூரையின் உட்புறத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்த நீர் ஒவ்வொரு சொட்டாகத் தயங்கி, பிறகு நின்றுபோனது. அதுவும் உறைந்துவிட்டது என்று புரிந்தபோது அந்த அமைதி காதை அழுத்தியது. பஞ்சுச் செருப்பு நனைந்து விறைத்திருந்தது. தெற்கு விளிம்புக்குத் தவழ்ந்து போய்ப் பிளாஸ்டிக்கை ஓர் ஓரமாகக் கிழித்தாள். போர்வை. அதற்கப்பால் பனி, கல்லாக. அரிவாள் கையிலிருந்து நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. விரல்கள் யாருடையவோ போலிருந்தன.

தெமின் வரவில்லை. பாதை மூடியிருக்கும், பனியில் முட்டியளவு புதைந்து புதைந்துதான் நடந்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நடுக்கம் நின்றுபோயிருந்தது. நடுக்கம் நின்றால் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும்.

சுவரிடம் போனாள்.

முதலில் உள்ளங்கையை மட்டும் வைத்தாள். சூடு மணிக்கட்டு வழியாக ஏறியது, அழுகை வந்தது. பிறகு தோள். பிறகு முதுகு. மண் கொஞ்சம் உள்வாங்கி அவள் உருவத்துக்கு இடம் கொடுத்தது. கண் சொக்கியது. முதுகுக்குப் பின்னால் ஏதோ மெல்ல எழுந்து தாழ்ந்தது. தன் மூச்சுதான் என்று நினைத்தாள்.

மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

அது நிற்கவில்லை.

எழப் பார்த்தாள். கோட்டு சுவரை விட்டு வரவில்லை. பொத்தான்களைப் பிய்த்தாள். கைகளை உருவினாள். கூந்தல் வரவில்லை. பின்கழுத்து வரவில்லை. பின்னால் யாரோ முனகியபடி ஒருக்களித்தார்கள். குளிர் ராத்திரியில் கணப்புக் கட்டிலில் படுத்திருப்பவள், அடுத்து வருகிறவளுக்கு நகர்ந்து இடம் விடுவதுபோல.

மண் காதுவரை வந்தது, பிறகு முகத்தின்மேலும் மெல்லிய பூச்சாகப் படர்ந்தது. இதமாக இருந்தது. அதுதான் பயங்கரம்.

பிறகு மண்வெட்டிச் சத்தம். பலகை பிளக்கும் சத்தம். மூடிய இமைக்குள் சிவப்பாக வெளிச்சம். தெமின் அவள் பெயரைக் கூப்பிட்டபடி ஒவ்வொரு பாத்தியாக ஓடுவது கேட்டது. ஹுவோ அவனிடம், நீ போன பிறகு எப்படியாவது வெளியே வந்திருப்பாள் என்றார். எந்த வழியாக என்று தெமின் கேட்டான். யின்ஹுவா கத்தினாள். வாய் திறக்கவில்லை. கத்தல் நெஞ்சுக்குள்ளேயே சுற்றியது. அவளை ஒட்டியிருந்த இன்னொரு நெஞ்சும் அதைக் கேட்டது.

தெமின் தேடித் தேடி ஓய்ந்து அவளுக்கு நேரெதிரே வந்து நின்றான். அவன் மூச்சிரைப்பு முகத்தில் பட்டது. கையுறைகளைக் கழற்றினான். விறைத்த கைகளைச் சுவரில் வைத்தான்.

“ஹுவோ அண்ணே.” அவன் குரல் தாழ்ந்திருந்தது. “இங்க வந்து தொட்டுப் பாருங்க. இப்ப ரெண்டு எடத்துல சுடுது.”

சில்லிட்ட அவன் விரல்கள் சூட்டைத் தேடி அவள் இமைகளின் மேல் மெதுவாக ஊர்ந்தன. கன்னத்தில் இறங்கின. உதட்டின் மேல் வந்து, அங்கேயே நின்று, குளிர் காய்ந்தன.